கடைசி ரூமில் ஓடிய கணக்கு

கம்பெனிப் பெண்கள் ஹாஸ்டல் சோற்று விவகாரத்தில் பெங்களூர் ரோட்டில் உட்கார்ந்தார்களே, அந்த மார்கழியில்தான் இது ஆரம்பம். தேதி கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு இப்படித்தான் நாள் நினைவிருக்கும். என் மகளை மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். தண்டலம் தாண்டியதும் பஸ் நின்றது. முன்னால் லாரி, பின்னால் கம்பெனி வேன், ஒன்றும் நகரவில்லை. கண்டக்டர் இறங்கிப் போய் விசாரித்துவிட்டு வந்து, இன்றைக்கு வண்டி போகாது, நடக்க முடிந்தவர்கள் நடக்கலாம் என்றார். என் மகளால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது. அப்போதே அவளுக்கு வலது கால் இழுத்துக்கொண்டுதான் வரும். நாங்கள் பஸ்ஸிலேயே உட்கார்ந்திருந்தோம்.

கடலை விற்கிறவன் பஸ்ஸுக்குள் ஏறி, ரோட்டில் உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றிச் சொன்னான். எல்லாம் இருபது வயசுப் பெண்களாம், போன் தயாரிக்கிற கம்பெனியாம். பாப்பா ஜன்னல் கம்பியில் தலையை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு முப்பத்தைந்து தாண்டிவிட்டது, ஆனாலும் எனக்கு அவள் பாப்பாதான்.

"கலெக்டர் வந்துட்டாராம் நைனா."

"வரட்டும். நமக்கு இன்னா."

"அதுங்களுக்கு ஒக்காரதுக்கு ஒரு ரோடு கீது. நான் எந்த ரோட்ல போய் ஒக்காரது, சொல்லு."

அன்றைக்குக் காலையில்தான் டாக்டர் அவளுடைய நோவுக்குப் பெயர் சொல்லியிருந்தார். இங்கிலீஷ் பெயர், என் வாயில் நிற்கவில்லை. நரம்பு ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டே வரும், சதை கரையும், கை போகும், கால் போகும், பேச்சு போகும், கடைசியில் மூச்சு என்றார். மருந்து என்ன என்று கேட்டேன். இதற்கு இன்னும் யாரும் மருந்து கண்டுபிடிக்கவில்லை, தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்றார். அந்தத் 'தேடிக்கொண்டிருக்கிறார்கள்' என்பதை மட்டும் நான் பிடித்துக்கொண்டேன்.

அவளும் போன் கம்பெனிக்காரிதான். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே போன் பூட்டுகிற லைனில் நின்றவள். கடுகைவிடச் சின்ன ஸ்க்ரூவை ஸ்க்ரூ டிரைவரின் காந்த முனையில் எடுத்து, பார்க்காமலே குழியில் வைத்துத் திருகுவாள் என்று அவளோடு வேலை பார்த்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தக் கம்பெனி மூடியதும் சார்ஜர் செய்கிற இன்னொரு கம்பெனிக்குப் போனாள். அங்கேதான் ஸ்க்ரூ கையிலிருந்து நழுவ ஆரம்பித்தது. சூப்பர்வைசர் அவளைப் பேக்கிங்குக்கு மாற்றினார். பேக்கிங்கில் டேப் ஒட்ட முடியவில்லை. பிறகு வர வேண்டாம் என்றார்கள். படப்பையில் இருந்த மாப்பிள்ளை ஒரு நாள் பைக்கில் அவளையும் ஒரு பையையும் கொண்டுவந்து இறக்கி, "மாமா, கொஞ்ச நாள் இங்க இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் திரும்பிப் போனான். அதற்குப் பிறகு அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. பிள்ளை குட்டி இல்லை, அது ஒரு விதத்தில் நல்லது என்று ஊரில் சொன்னார்கள். எந்த விதத்தில் என்று நான் கேட்டதில்லை.

எங்கள் வீடு வடக்குப்பட்டில் இருக்கிறது. நிலத்தைக் கம்பெனிகளுக்கு எடுத்துக்கொண்டபோது கொடுத்த பணத்தில் வீட்டுக்குப் பின்னால் வரிசையாக ரூம் கட்டி வாடகைக்கு விட்டிருந்தேன். கொரோனாவில் எல்லோரும் ஊருக்குப் போய், மறுபடி ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். கடைசி ரூமுக்கு மட்டும் ஆள் வரவில்லை. சுவரில் ஓதம் ஏறும், காற்று வராது. அந்த ரூமைத்தான் கோவில்பட்டிப் பக்கத்துத் தம்பி ஒருவன் கேட்டான். அவன் ஏற்கெனவே எங்கள் ரூம் ஒன்றில் இருந்தவன். ஒரகடத்தில் கார் பார்ட்ஸ் செய்கிற கம்பெனியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற வேலை. மற்ற பையன்கள் ஷிப்ட் முடிந்து வந்தால் போனில் சீட்டாடுவார்கள், இவன் எதையாவது கழற்றிக்கொண்டிருப்பான்.

"ஐயா, அந்தக் கடைசி ரூம எனக்குத் தாரியளா? ஆளு இருக்கதுக்கு இல்ல. மிசின் வைக்கதுக்கு."

"இன்னாத்த அரைக்கப் போற, மாவா?"

"கணக்கு அரைக்கப் போறேன்யா."

வாலாஜாபாத் ரோட்டில் ஒரு காயலான் கடை இருக்கிறது. கம்பெனி ஆபீஸ்களில் தள்ளிவிடுகிற சாமான்கள் அங்கேதான் வந்து விழும். நாலு டைரியை அடுக்கினாற்போல இருக்கும் கறுப்பு டப்பாக்கள், திரை இல்லாத கம்ப்யூட்டராம், அவற்றை இவன் சம்பளம் வரும்போதெல்லாம் ஒன்றிரண்டாகப் பொறுக்கிக்கொண்டு வந்திருந்தான். கட்டிலுக்கு அடியில் குவிந்து கிடந்தன. ஒன்றுக்கும் உதவாத இதையெல்லாம் சேர்த்துக் கட்டி என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன். வாசலில் குந்தியபடி பொறுமையாகச் சொன்னான்.

"ஒலகத்துல ஒரு பெரிய கணக்கு கெடக்கு ஐயா. நோய்க்கு மருந்து தேடுத கணக்கு. ஒரே மிசின்ல போட்டா நம்ம ஆயுசுக்கும் முடியாது. அதனால துண்டு துண்டா வெட்டி, நெட்டு வழியா வீட்டு வீட்டுக்கு அனுப்புதாவ. அந்தந்த வீட்டு மிசின் தன் துண்ட முடிச்சித் திருப்பி அனுப்பும். கூலி கெடையாது. இஷ்டப்பட்டவுக செய்யலாம்."

"அப்ப ஏரி மராமத்து மாதிரி. வூட்டுக்கு ஒரு ஆளு."

"அது என்னது ஐயா?"

நான் சொன்னேன். மழைக்கு முன்னால் ஏரிக்கரையைப் பலப்படுத்த வேண்டும், கால்வாயில் தூர் எடுக்க வேண்டும். நிலம் வைத்திருக்கிற வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு வர வேண்டும். கூலி கிடையாது. ஒரு வீட்டுக்காரன் எவ்வளவு வெட்டினாலும் தனியாக ஏரியை வெட்ட முடியாது, ஆனால் அத்தனை வீடும் வந்தால் முடிந்துவிடும். என் அப்பாவுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்ட வருஷத்திலிருந்து எங்கள் வீட்டு ஆளாக நான்தான் போனேன்.

அவன் தொடையில் தட்டினான்.

"அதேதான் ஐயா. அச்சு அசல் அதேதான். கம்பெனில எத்தனை பேர்ட்ட சொல்லிருப்பேன், ஒருத்தனுக்கும் வெளங்கல. நீங்க ஒரே சொல்லுல பிடிச்சிட்டிய."

எனக்குப் பெருமையாக இருந்தது. படித்த பிள்ளை, நான் சொன்னதை அதேதான் என்கிறான். ஆனால் ஏரி மராமத்தில் இன்னொரு பாதி இருக்கிறது. அதை நான் சொல்லவில்லை, சொல்ல வேண்டும் என்றும் தோன்றவில்லை. மடை திறந்ததும் ஆள் அனுப்பிய வீட்டுக்கு முறைத் தண்ணீர் உண்டு. அனுப்பாத வீட்டுக்காரன் கடைசியில் மிஞ்சியதைப் பாய்ச்சிக்கொள்ள வேண்டியதுதான். இதை யாரும் வாய்விட்டுச் சொல்லிப் பேரம் பேச மாட்டார்கள். மண்வெட்டியைத் தோளில் வைக்கும்போதே அது அதற்குள் இருக்கும். கோவில்பட்டிக்காரனும் அதைச் சேர்த்துத்தான் அதேதான் என்றான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ரூமைக் கொடுத்தேன், வாடகை வேண்டாம் என்றேன். அவனுக்கே ஆச்சரியம்.

மாட்டுக் கொட்டகையைப் பிரித்தபோது எடுத்து வைத்த இரும்பு ஆங்கிள் இருந்தது. அதை அறுத்துத் தட்டுத் தட்டாக ஒரு ஸ்டாண்டு செய்தோம். ஒவ்வொரு டப்பாவுக்கும் தனித்தனி சார்ஜர் வாங்கினால் கட்டுப்படியாகாது என்று, பழைய பெரிய கம்ப்யூட்டர் ஒன்றின் கரண்டுப் பெட்டியை எடுத்து அதிலிருந்து ஒயர் பிரித்து எல்லாவற்றுக்கும் கொடுத்தான். டப்பாவுக்குள்ளே சேமித்து வைக்கிற டிஸ்க் எதுவும் இல்லை, விரல் நீளத்துக்கு ஒரு பென் டிரைவைச் செருகிவிட்டால் அதிலிருந்தே எழுந்துகொள்ளும். சூடு வெளியே போக ஜன்னலில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தோம். நான் ஒயர் சீவிக் கொடுத்தேன், ஓட்டை போட்டேன். பாப்பா ரூம் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பொறுக்க முடியவில்லை அவளுக்கு.

"தம்பி, போர்ட அப்டியே கையால தொடாத. மொதல்ல அந்த இரும்பத் தொட்டுட்டு அப்பால தொடு. ஒடம்புல கீற கரண்ட்டே அத்த சாவடிச்சிரும்."

"கம்பெனில கைக்குப் பட்டை தருவாவல்லா யக்கா?"

"தருவாங்க, தருவாங்க. மணிக்கட்டுல கட்டி ஒயர மேசைல மாட்டி வுடுவாங்க. மாட்ட கட்டுத்தறில கட்ற மாதிரி. ஒண்ணுக்குப் போறதுன்னாலும் கைதூக்கிக் கேட்டு அவுத்துக்கினு போவணும்."

பிறகு எனக்கும் திட்டு விழுந்தது. டப்பாவுக்குள் சூடு கடத்துவதற்கு ஒரு வெள்ளைப் பசை தடவ வேண்டும்.

"நைனா, கடுகளவு போதும். நீ இன்னா இட்லிக்கு சட்னி ஊத்தற மாதிரி ஊத்தற."

அந்த வாரம் முழுக்க அவள்தான் எங்களுக்கு லைன் லீடர். எந்த ஸ்க்ரூ எந்தக் குழிக்கு, எவ்வளவு திருகினால் நிறுத்த வேண்டும், எல்லாம் வாயாலேயே சொல்வாள். கையை மடியில் வைத்திருப்பாள். ஒரு தடவை மறந்துபோய் ஸ்க்ரூ டிரைவருக்குக் கை நீட்டினாள். தம்பியும் மறந்துபோய்க் கொடுத்துவிட்டான். அது தரையில் விழுந்து உருண்டது. மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். "எட்றா தம்பி, வேலய பாரு" என்றாள்.

எல்லாம் மாட்டி முடித்து, பச்சை விளக்குகள் வரிசையாக எரிந்த அன்றைக்குத்தான் தம்பி அவளுடைய நோவின் பெயரைக் கேட்டான். அவளே சொன்னாள். அவன் போனில் வெகு நேரம் தேடிவிட்டு என்னிடம் வந்தான்.

"ஐயா, யக்கா நோய்க்கும் இதுல வேல இருக்கு. மத்ததெல்லாம் நிறுத்திட்டேன். இனி நம்ம மிசின் எல்லாம் அந்த ஒண்ணத்தான் பாக்கும்."

நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். டாக்டர் சொன்னாரே, தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று. இப்போது எங்கள் வீட்டு ஆளும் அங்கே நிற்கிறான்.

அதிலிருந்து அந்த ரூம் என் பொறுப்பு. தம்பி கம்பெனிக்குப் போய்விடுவான். லாரி போகிற ரோடு பக்கத்திலேயே இருப்பதால் தூசி மாவு மாதிரி வந்து படியும். சைக்கிளுக்குக் காற்றடிக்கிற பம்பை எடுத்துக்கொண்டுபோய் ஒவ்வொரு டப்பாவாக ஊதுவேன். எறும்பு கூடு வைக்கும், பல்லி உள்ளே புகுந்து கருகிச் சாகும். எந்த டப்பாவில் பச்சை அணைந்திருக்கிறதோ அதன் பொத்தானை அழுத்திப் பிடித்து எழுப்பிவிட வேண்டும். தம்பி இதையெல்லாம் எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தான். ஆயுத பூஜைக்கு எல்லா இயந்திரத்தையும் நிறுத்தி, சந்தனம் வைத்து, மறுநாள்வரை தொடாமல் விடுவதுதான் வழக்கம். நான் நிறுத்தவில்லை. ஓடுகிற டப்பாவுக்கே சந்தனம் வைத்தேன். சூட்டில் அது உடனே காய்ந்து உதிர்ந்தது. சாமி கோபித்துக்கொள்ளட்டும், என் மகளுடைய வேலையை ஒரு நாள் நிறுத்த எனக்கு மனசு வரவில்லை.

என் மகன் கம்பெனிகளுக்கு வேன் விடுகிறவன். அதே வாசலில்தான் குடும்பத்தோடு இருக்கிறான். அவனுக்கு இது பிடிக்கவில்லை. வடக்கேயிருந்து ஆட்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்த சமயம், ரூமுக்கு அடிபிடி.

"அந்த ரூம்ல ஆறு பேர அடைக்கலாம். இவுரு டப்பாவ அடச்சி வெச்சிக்கினு கீறாரு. கரண்ட் பில்ல பாத்தா மில்லு ஓட்ற மாதிரி கீது."

"பில்லு நான் கட்றன். ஒனக்கு இன்னா?"

"இன்னாவா? ஊரே சிரிக்குது. கைநாட்டு வெக்கற ஆளு ஒலகத்துக்கே கணக்குப் போட்டுக் குடுக்கறாருன்னு."

பாப்பா நாற்காலியிலிருந்தே சொன்னாள்: "நீ பத்தாவது ரெண்டு வாட்டி எய்தியும் ஒனக்குக் கணக்கு வரல. வேணும்னா உள்ள போய் ஒரு டப்பாவ கேளு, சொல்லிக் குடுக்கும்."

அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்குத் தங்கை மேல் பாசம் இல்லாமல் இல்லை. ஆனால் ரூமை மறக்கவில்லை.

இப்படி ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. பாப்பாவின் இடது கையும் போனது. சோறு நான் ஊட்டினேன். என் மனைவி இருந்திருந்தால் செய்திருப்பாள், அவள் போய் வெகு காலமாயிற்று. மருமகள் குளிப்பாட்டினாள், முணுமுணுத்துக்கொண்டே செய்தாலும் செய்தாள். பாப்பாவுக்குப் பேச்சு குழற ஆரம்பித்தது. எனக்கு அவசரம் பிடித்துக்கொண்டது. நம் முறை எப்போது வரும் என்று தெரியவில்லையே. தம்பியைக் கேட்பேன், நாம் எவ்வளவு செய்திருக்கிறோம் என்று. அவன் போனில் காட்டுவான். செய்த வேலைக்குப் புள்ளி போடுவார்களாம், நம் புள்ளி ஏறிக்கொண்டே போகிறதாம், இந்தப் பக்கத்தில் நம்மைப்போல ஆள் இல்லையாம். அவனுக்கு அந்தப் புள்ளியில் ஒரு சந்தோஷம், பந்தயத்தில் ஜெயிக்கிறவன் மாதிரி. எனக்கு அது வேறாகப் பட்டது. இவ்வளவு ஆள் அனுப்பிய வீடு கடைமடையில் நிற்காது என்று பட்டது.

ஒரு நாள் அவன் போனில் ஒரு சர்டிபிகேட் வந்தது. நம் வீட்டு மிசின்கள் இவ்வளவு உழைத்திருக்கின்றன என்று அவர்களே கொடுக்கிறார்களாம். ஓரத்தில் பூவேலை போட்டு நன்றாக இருந்தது.

"இத்த கடைல எடுத்துக் குடுக்க முடியுமாபா?"

"கலர்லயே எடுத்துருவோம் ஐயா."

"இத்த ஆஸ்பத்திரில காமிக்கலாம் இல்ல?"

"தாராளமா காமிங்க. யார்ட்ட வேணாலும் காமிங்க. பெருமதானே."

சேரப்பணஞ்சேரியில் ஜெராக்ஸ் கடையில் எடுத்து லேமினேஷன் போட்டு வாங்கினேன். அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அவளுடைய சீட்டு, பழைய ஸ்கேன் எல்லாம் இருக்கிற மஞ்சள் பையில் அதையும் வைத்தேன். மகன் வேனிலேயே கூட்டிப்போய் விட்டான். பாப்பா சக்கர நாற்காலியில் இருந்தாள். எங்கள் முறை வந்து உள்ளே போனதும், அன்றைக்கு இருந்த டாக்டரம்மா அவளை நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார், முழங்காலில் தட்டிப் பார்த்தார், ஏதோ எழுதினார். எழுந்து போகச் சொல்வதற்குள் நான் அதை எடுத்து மேசையில் வைத்தேன்.

"இது என்னங்க ஐயா?"

"எங்க வூட்ல ஓட்றோம்மா. இவ நோவுக்கோசரம் மருந்து தேடற வேல. ஒரு வருசத்துக்கு மேல ஆச்சி, ஒரு நாள் நிறுத்தல. எங்க முறை எப்ப வரும்னு கேட்டுச் சொல்லணும்."

டாக்டரம்மா படித்தார். சின்ன வயசு, களைத்துப் போன முகம். படித்துவிட்டு என்னைப் பார்த்தபோது அந்த முகம் மாறியிருந்தது. அவர் திட்டியிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை.

"ஐயா, நீங்க பண்றது ரொம்ப நல்ல காரியம். ஆனா இது ஆராய்ச்சிக்கு உதவி. இவங்க வைத்தியத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் கிடையாது. முறைன்னு ஒண்ணும் இல்ல. மருந்தே இன்னும் இல்லியே."

"கண்டுபுடிச்சதும்?"

"அது எத்தனை வருஷம் ஆகும்னு தெரியாது. வராமலும் போகலாம். வந்தா எல்லாருக்கும்தான் ஐயா."

"எல்லாருக்கும்னா, ஓட்டாதவங்களுக்கும்?"

"ஆமா."

நான் பாப்பாவைப் பார்த்தேன். அவள் சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே இருந்து அடுத்த ஆள் கதவைத் தள்ளினார். டாக்டரம்மா அந்த அட்டையை இரண்டு கையாலும் எடுத்துத் திருப்பிக் கொடுத்தார்.

நாங்கள் வராந்தாவில் இருந்தோம், மகன் வேனைக் கொண்டுவரப் போயிருந்தான். பாப்பாவின் பேச்சு அப்போது எனக்கு மட்டும்தான் விளங்கும். ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள்.

"எனக்குத் தெர்யும் நைனா."

"இன்னா தெர்யும்?"

"முறையும் இல்ல ஒண்ணும் இல்லன்னு. அந்தத் தம்பிய மொத மாசமே கேட்டுட்டன். நீதான் தினிக்கும் பம்ப எத்துக்கினு போவ. அத்த பாத்துட்டு எப்டி சொல்றது?"

"சொல்லி இருக்கலாம்."

"சொன்னா இன்னா பண்ணி இருப்ப? என் மூஞ்சியப் பாத்துக்கினு ஒக்காந்துனு இருப்ப."

வேன் வந்தது. மகனுக்கு என்ன நடந்தது என்று தெரியாது, எஃப்எம் போட்டுக்கொண்டு ஓட்டினான்.

வீட்டுக்கு வந்ததும் தம்பியைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன்.

"ஐயா, மருந்து நமக்கு மொதல்ல வரும்னு நான் சொல்லவே இல்லயே."

"சொல்லல. நான் மராமத்துன்னு சொன்னப்ப அதேதான்னு சொன்ன."

"அது… நீங்க வெட்டுததப் பத்திச் சொன்னியன்னு நெனச்சேன். தண்ணியப் பத்தி நீங்க சொல்லவே இல்லயே."

அவன் சொன்னது சரிதான். தண்ணீரைப் பற்றி நான் சொல்லவில்லை. தண்ணீர் இல்லாமல் எவன் ஏரி வெட்டுவான் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆனால் உலகத்தில் அப்படி வெட்டுகிறவர்கள் இருக்கிறார்களாம். வீடு வீடாக, நாடு நாடாக, கரண்டைக் கொட்டி, ஒன்றும் கேட்காமல். நல்லவர்கள்தான். அவர்கள் வீட்டில் நாற்காலியில் யாரும் கரைந்துகொண்டிருக்கவில்லை போலிருக்கிறது. இருந்தும் செய்கிறார்கள் என்றால் அவர்கள் என்னைவிடப் பெரிய மனுஷர்கள். நான் அப்படி இல்லை.

நேரே மெயின் சுவிட்சை இறக்கப் போனேன். பாப்பா நாற்காலியிலிருந்து சத்தம் கொடுத்தாள். அவள் ஓட்டச் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். நமக்கு இல்லாவிட்டாலும் யாருக்காவது ஆகட்டும் என்று சொல்வாள் என்று நினைத்தேன்.

"நிறுத்து. ஆனா இப்ப வேணாம். கைல எடுத்தத முடிச்சிட்டு நிறுத்து. பாதி பீஸ வுட்டுட்டுப் போனா அடுத்த ஷிப்டுக்காரி தலைல வியும்."

தம்பி, புதுத் துண்டு எதுவும் வராதபடி செய்துவிட்டு, இருப்பது முடியட்டும் என்று விட்டான். அதற்குச் சில நாள் ஆனது. நான் அந்த ரூமுக்குள் போகவில்லை. எல்லாம் முடிந்து எக்ஸாஸ்ட் ஃபேனையும் நிறுத்திய பிறகு பாப்பாவிடம் போய்ச் சொன்னேன். அவள் கட்டில் அந்த ரூமின் சுவரை ஒட்டித்தான் இருந்தது.

"அப்பாடா" என்றாள். "அந்த ஃபேன் சத்தம் இத்தினி நாளா மண்டைக்குள்ளயே ஓடிக்கினு இருந்திச்சி. இன்னிக்காவது தூங்கறன்."

இதையும் அவள் எனக்குச் சொல்லவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் நான் அவளுக்காக அதை ஓட்டினேன், அவள் எனக்காக அதைப் பொறுத்துக்கொண்டாள். யாருக்காக ஓடியது என்று இன்றைக்குக் கேட்டால் என்ன சொல்ல.

தம்பி நாலைந்து டப்பாக்களை எடுத்துக்கொண்டு ஓசூர்ப் பக்கம் வேலை மாறிப் போய்விட்டான். போகும்போது பாப்பாவின் காலைத் தொட்டான், என்னைப் பார்க்கவில்லை. நானும் கூப்பிடவில்லை. மீதி டப்பாக்கள் காயலான் கடைக்கே போயின. அந்த ரூமில் இப்போது ஒடிசாப் பையன்கள் இருக்கிறார்கள். ஓதத்தைப் பற்றி அவர்கள் ஒன்றும் சொல்வதில்லை.

பாப்பா இருக்கிறாள். பேச்சு நின்றுவிட்டது. வேண்டும் என்றால் கண்ணை மூடித் திறப்பாள், வேண்டாம் என்றால் அப்படியே பார்ப்பாள். போன வாரம் டிவியில் ஏதோ நோய்க்குப் புது மருந்து என்று சொன்னார்கள். நான் ஓடிப்போய்ச் சத்தத்தைக் கூட்டினேன். வேறு நோய். திரும்பிப் பார்த்தால் அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண்ணை மூடாமல்.

அந்த மருந்து என்றைக்காவது வந்து, யாரோ ஒரு வீட்டுப் பிள்ளை எழுந்து நடந்தால் எனக்கும் சந்தோஷம் என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. அந்தச் சந்தோஷம் இன்னும் வரவில்லை. வராததை வந்தது என்று சொல்ல மாட்டேன்.

நீங்கள் நாலு இடம் போகிறவர்கள், படித்தவர்களைத் தெரிந்தவர்கள். அந்த வேலையை வீட்டு வீட்டுக்கு அனுப்புகிறவர்களையோ, அதற்காக மிசின் கட்டுகிற பிள்ளைகளையோ எங்காவது பார்த்தால் இதைச் சொல்லிவிடுங்கள். நோயாளி இருக்கிற வீட்டில் மிசினை வைப்பதற்கு முன்னால், இது உங்கள் வீட்டு ஆளுக்கு இல்லை என்று முதல் நாளே வாயால் சொல்லச் சொல்லுங்கள். எழுதிக் காட்டினால் போதாது, என்னை மாதிரி ஆட்கள் இருக்கிறார்கள். கேட்ட பிறகும் ரூமைக் கொடுக்கிறவர்கள் கொடுப்பார்கள். ஒருவேளை நானே கொடுத்திருப்பேன். அதைத் தெரிந்து கொடுத்திருப்பேன்.